பிளக்கைப் பிடுங்கியது யார் என்பது பற்றி மாப்பிள்ளைக்கு

வன்னியூரணி,
ஆர்.எஸ். மங்கலம் வழி.
தை பத்தொன்பது.

மதிப்புக்குரிய மாப்பிள்ளை நாகேந்திரன் அவர்களுக்கு மாமா பால்சாமி எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் நலம். உங்கள் அத்தை என்னோடு பேசி ஆறு நாள் ஆகிறது. சோறு மட்டும் வேளைக்கு வருகிறது. அதன் காரணம் போகப் போக வரும். அங்கு நீங்களும் மகள் ஜெயசுதாவும் நோய்நொடி இல்லாமல், வேலையில் குறைவில்லாமல், வீட்டுத் தண்ணீர்க் குழாயில் தட்டுப்பாடு இல்லாமல் இருக்க நம் குலதெய்வம் துணை செய்யட்டும்.

போன வாரம் மூன்று முறை உங்களுக்குப் போன் செய்தேன். மூன்று முறையும் பாதிப் பேச்சில் லைன் போய்விட்டது. மூன்றாவது தடவை போவதற்கு முன்னால், "மாமா, என்ன நடந்துச்சுன்னு ஒண்ணு விடாம வரிசையா எழுதி அனுப்புங்க, எங்க ஆபீஸ்ல இதுக்குப் பேரு இன்சிடென்ட் ரிப்போர்ட்" என்றீர்கள். நான் தொலைபேசித் துறையில் முப்பத்தோரு வருஷம் லைன்மேனாக இருந்தவன். எங்களுக்கும் அது உண்டு, பழுது அறிக்கை என்போம். கம்பி எந்த மரத்தடியில் அறுந்தது, அறுத்தது காற்றா ஆளா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பழக்கத்திலேயே இதையும் எழுதுகிறேன். உங்கள் மேலதிகாரியும் படிக்கக்கூடும் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையும் தெரியாதவர்க்குச் சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர்க் கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கத்துக்கு நான் கௌரவச் செயலாளர். கௌரவம் என்றால் வேலை உண்டு, மற்றது கிடையாது. உறுப்பினர் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். தை மாதம் ஆத்தூர்ப் பக்கமிருந்து அறுப்பு மெஷின் வரும். இந்த வருஷம் இரண்டு வருவதாகப் பேச்சு, ஒன்றுதான் வந்தது. யார் வயலுக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு என்கிற முறைப் பட்டியலை முன்பெல்லாம் நோட்டில் எழுதுவோம், எழுதிய மறுநாளே அடிதடி வரும், பக்கம் கிழியும். அதைக் கண்டு போன வருஷம் ஊருக்கு வந்திருந்த நீங்கள், இதற்கெல்லாம் ஒரு டேட்டாபேஸ் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி, ரேஷன் கடைக்குப் பின்னால் இருக்கிற சங்க அறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். யாருடைய தேதி மாறினாலும் அவருக்கு உடனே ஒரு குறுஞ்செய்தி போகிற மாதிரி, கட்டைவிரல் அளவு ஒரு குச்சியையும் பின்னால் செருகினீர்கள். ஊரே உங்களை மெச்சியது. உங்கள் அத்தை அன்றைக்கு இரண்டு வகைக் குழம்பு வைத்தாள். அதை நான் மறுக்கவில்லை.

சம்பவம் நடந்தது தை ஒன்பது, வியாழக்கிழமை, காலை பதினொன்றரை மணி. அதற்கு முதல் வாரமே காற்றில் ஒரு மாதிரி ஈரம். மண்டபத்தில் இரண்டு நாளாகப் போட்டுகள் கடலுக்குப் போகவில்லை, இலங்கைப் பக்கம் ஏதோ சுழல்கிறது என்று மீன்காரம்மா கருவாட்டை மட்டும் கூடையில் வைத்துக்கொண்டு வந்து சொன்னார். ஊரில் அறுத்தது போக மீதி நெல்லெல்லாம் முற்றி நின்றது. அன்று காலை பத்து மணிக்குக் கமிட்டி கூடியபோது பூமயில் வந்தது. பூமயிலை உங்களுக்குத் தெரியாது. நம் தெருவுக்குக் கடைசி வீடு, என்னை முறை வைத்துச் சித்தப்பா என்று கூப்பிடும். ஊரில் எல்லார் வயலிலும் களையெடுக்கப் போகிற பெண், இரண்டு வருஷமாகத்தான் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்துத் தானே விதைக்கிறது. அதன் வீட்டுக்காரர் திருப்பூரில் இருக்கிறார். அது வாசலில் நின்றபடியே சொன்னது.

"என் நெல்லு காத்துல படுத்துருச்சு. அடியில தண்ணி நிக்குது. எனக்குப் போட்டுருக்கிற முறை இன்னும் பன்னெண்டு நாளு கழிச்சு. ரெண்டு நாளு விட்டாலே அங்கனேயே மொளைச்சிரும். என்ன செய்யச் சொல்றீக?"

கமிட்டியில் ஒருவரும் மறுக்கவில்லை. ஒன்றரை ஏக்கர்தானே, முக்கால் மணி நேர வேலை, நாளைக் காலை ஆறு மணிக்கு அந்த வயலை அறுத்துவிட்டு அப்புறம் மருதுபாண்டியின் வயலுக்கு வண்டியை அனுப்பலாம் என்று முடிவானது. மருதுபாண்டி நம் ஊரில் பெரிய நிலக்காரர். மறுநாள் முறை அவருடையது. அவர் அன்று குடும்பத்தோடு ஏர்வாடி தர்காவுக்குப் போயிருந்தார், வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். நான் பூமயிலிடம், "நீ போத்தா, நான் கம்ப்யூட்டர்ல ஏத்திர்றேன், மெசேஜ் வரும்" என்று சொல்லி அனுப்பினேன். இதுவரை என் மேல் எந்தத் தவறும் இல்லை.

எல்லாரும் போனபின் கருப்புத் திரையைத் திறந்தேன். ஒரே ஒருவருடைய தேதியை மட்டும் மாற்றுவதற்கான உத்தரவை நீங்கள் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதி வைத்திருந்தேன். மூன்று வரி. எந்தப் பட்டியல் என்பது முதல் வரி. என்ன மாற்றம் என்பது இரண்டாவது. யாருக்கு என்பது மூன்றாவது, அது வேர் என்று, எங்கே என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தையில், தொடங்கும். "வேர் இல்லாம எதையும் அடிக்காதீங்க மாமா" என்று நீங்கள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேர் இல்லாத மரம் சாயும் என்று அப்போதே உங்களிடம் சொன்னேன், நீங்கள் சிரித்தீர்கள். அதோடு இன்னொன்றும் சொல்லியிருந்தீர்கள், முடிவில் அரைப்புள்ளி வைக்காவிட்டால் உத்தரவு ஓடவே ஓடாது என்று. கார்த்திகையில் ஒரு தடவை அதை மறந்துவிட்டு முக்கால் மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அனுபவத்தால் இந்தத் தடவை முன்ஜாக்கிரதையாக ஒவ்வொரு வரிக்கும் ஒரு அரைப்புள்ளி வைத்தேன். முதல் வரிக்கு வைத்தபோது அது ஏதோ பிழை என்று முணுமுணுத்தது, திரும்ப அடித்தேன், அப்போது முதல் இரண்டு வரியும் ஒரே வரியாகப் போய்விட்டது, அதன் கடைசியில் அரைப்புள்ளி வைத்து என்டரைத் தட்டிவிட்டு, வேர் வரியைப் பார்க்க நோட்டில் பக்கத்தைப் புரட்டினேன். அடுத்த பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. எச்சில் தொட்டுப் பிரிக்கிறேன், அதற்குள் திரையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் ஏறுகிறது, என் சட்டைப் பையில் டிங் என்றது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். "உறுப்பினர் எண் 3, பால்சாமி அவர்களுக்கு: உங்கள் அறுப்பு முறை நாளை காலை 6 மணி." மாப்பிள்ளை, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் வயல் கடைமடை, வாய்க்காலின் கோடி, பட்டியலில் முறை வர இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கமிட்டிக்காரர்கள் நான் உழைப்பதைப் பார்த்து எனக்குத் தெரியாமல் ஏதோ மரியாதை செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கமிட்டியில் பட்டியலை மாற்றத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை. ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் போன் அடிக்க ஆரம்பித்தது. "சித்தப்பா, நாளைக்கு எனக்கா மெஷினு?" என்று ஒருவர். "மாமா, வெள்ளனே ஆறு மணிக்கா, சாக்கு இல்லையே" என்று ஒருவர். மூன்றாவது ஆள், "அண்ணே, நல்லாருப்பீக" என்று வாழ்த்திவிட்டு வைத்துவிட்டார். அவர் வாழ்த்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. பூமயிலுக்கு என்று அடித்தது, வேர் வரி சேராததால், இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு ஆளுக்கு நாலு விநாடி.

உங்களுக்குப் போன் போட்டேன். "மாமா, மீட்டிங்ல இருக்கேன்" என்றீர்கள். "மாப்ள, ஓடுது, நிக்கமாட்டேங்குது" என்றேன். "பதறாதீங்க, கன்ட்ரோலையும் சியையும் அழுத்துங்க" என்றீர்கள், லைன் போய்விட்டது. கன்ட்ரோலை அழுத்தினேன். கையை எடுத்துவிட்டு சியை அழுத்தினேன். நிற்கவில்லை. மறுபடி அதே மாதிரி நிதானமாக ஒன்றன்பின் ஒன்றாக ஏழெட்டுத் தடவை செய்தேன். திரையில் வரிசையாகச் சி என்ற எழுத்து விழுந்ததே தவிர எண் ஏறுவது குறையவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும் என்பதை மறுநாள் சாயங்காலம் சொன்னீர்கள். எண் எண்பத்தேழுக்கு வந்தது. மேஜைக்குக் கீழே குனிந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். யூபிஎஸ் என்று ஒரு பெட்டி அங்கே இருக்கிறது, அதற்கு உயிர் போய் ஒரு வருஷம் ஆகிறது, அதனால் உடனே எல்லாம் அணைந்தது. அவ்வளவு அமைதியை அந்த அறையில் நான் கேட்டதே இல்லை.

கால் மணி நேரம் கழித்துப் பிளக்கைச் செருகினேன். கம்ப்யூட்டர் பத்து நிமிஷம் தனக்குள் ஏதோ சரிபார்த்துக்கொண்டிருந்தது. பட்டியலைத் திறந்தால், மாப்பிள்ளை, ஒன்றுமே நடக்காத மாதிரி எல்லார் தேதியும் பழையபடி இருக்கிறது. எண்பத்தேழு பேரில் ஒருவர் தேதிகூட மாறவில்லை. மத்தியானம் இரண்டாவது முறை உங்களைப் பிடித்தபோது, "அது அப்படித்தான் மாமா, பாதியில நின்னாப் பழைய நெலைக்கே திரும்பிப் போயிரும், அதுக்கு ரோல்பேக்குன்னு பேரு. முழுசா நடக்கும், இல்லாட்டி நடக்கவே நடக்காது, அரைகுறையா நிக்காது" என்றீர்கள். எவ்வளவு நல்ல ஏற்பாடு என்று வியந்தேன். எங்கள் துறையில் பாதிக் கம்பம் நட்டுவிட்டு மழை வந்தால் பாதிக் கம்பம் நிற்கத்தான் செய்யும். நிம்மதியாகப் பட்டியலை அச்செடுத்து, மெஷின் டிரைவர் வசந்தகுமாரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன். சாயங்காலம் விசாரித்தவர்களிடம், "கரண்டு போயிருச்சு, அதுல மெஷின் குழம்பிருச்சு, அந்த மெசேஜ நம்பாதீக" என்று சொன்னேன். விசாரித்தவர்கள் ஐந்து பேர். என்னை நீக்கி, விசாரிக்காதவர்கள் எண்பத்தொரு பேர் இருக்கிறார்கள் என்பதையும், கம்ப்யூட்டர் தன் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டாலும் அவர்கள் சட்டைப் பையில் இருப்பது போகாது என்பதையும் நான் யோசிக்கவில்லை. அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. இவ்வளவையும் எதற்காக ஆரம்பித்தேனோ அதை மறந்துவிட்டேன். பூமயிலின் தேதியும் பழையபடியே திரும்பிப் போய்விட்டது. அதன் உறுப்பினர் எண் நூற்று நாற்பது. எண்பத்தேழோடு நின்றதால் அதற்குக் குறுஞ்செய்தியும் போகவில்லை. யாருக்குப் போக வேண்டுமோ அந்த ஒரு ஆளைத் தவிர ஊருக்கே செய்தி போயிருக்கிறது, நான் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன். இதைப் பழுது அறிக்கையில் அடிக்கோடிட்டுக் கொள்ளவும்.

மறுநாள் வெள்ளி காலை ஆறு மணிக்குக் கண்மாய்க் கரைக்குப் போனேன். பதினொரு டிராக்டர் நிற்கிறது. அறுபது எழுபது ஆள், சாக்கு, படுதா, தூற்றுவதற்கு முறம், சிலர் கூலி ஆட்களையும் கூட்டி வந்துவிட்டார்கள். ஒருவர் பானையில் கஞ்சி கொண்டுவந்திருந்தார். நடுவில் அறுப்பு மெஷின், அதன் மேல் வசந்தகுமார் கையில் என் பட்டியலோடு.

"எனக்கு லிஸ்டுதாங்க. இன்னைக்கு மருதுபாண்டினு போட்டிருக்குதுங்க. வேற பேரே இல்லீங்க."

மருதுபாண்டி இரவே ஏர்வாடியிலிருந்து திரும்பிவிட்டாராம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டார், "பால்சாமி, பட்டியல்ல எம் பேருதேன் இருக்கு. இவுக எல்லாம் எதுக்கு இங்கன வந்துருக்காக? அறுப்புக்கா, திருவிழாவுக்கா?"

அவ்வளவுதான், எல்லாக் கையும் மேலே போனது, எல்லாக் கையிலும் போன். "எனக்கும் வந்துருக்கு!" "ஆறு மணின்னு எழுதியிருக்குல்ல!" "எழுத்துல இருக்கிறதுக்கு மரியாதை இல்லையா?" ஒருவர் தன் போனை வசந்தகுமாரின் மூக்குக்கு நேரே நீட்டினார். இன்னொருவர் மெஷினின் படியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, என் வயலுக்குப் போகாமல் இது நகராது என்றார். இரண்டு பங்காளிகள், அவர்களுக்குள் ஏற்கெனவே வரப்புத் தகராறு, சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டு, "கேளுங்கய்யா, நேத்துக் கரண்டு போயிருச்சு, அதுல கம்ப்யூட்டரு..." என்று ஆரம்பித்தேன்.

"எப்பப் போச்சு?" என்று கூட்டத்தில் ஒரு குரல். மின்வாரிய வயர்மேன் இருளாண்டி. அவரும் சங்க உறுப்பினர், எண் ஐம்பத்திரண்டு, அவர் கையிலும் போன். "நேத்து நாந்தேன் டூட்டி. காலைல இருந்து பொழுது சாயிற வரைக்கும் நம்ம லைன்ல ஒரு நிமிசங்கூடக் கரண்டு போகல. போகாத கரண்டப் போச்சுன்னு சொன்னா, மேலேருந்து எனக்குத்தேன் ஓலை வரும். எத்தன மணிக்குப் போச்சுன்னு சொல்லுங்க, பாப்போம்."

மாப்பிள்ளை, முப்பத்தோரு வருஷத்தில் எத்தனை பேர் என்னிடம் லைன் தானாக அறுந்தது என்று பொய் சொல்லியிருப்பார்கள், நான் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறேன். அன்று என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். இன்னொரு பொய் வாயில் வந்தது, கம்ப்யூட்டருக்குள் பல்லி விழுந்துவிட்டது என்று. சொல்லியிருப்பேன். அதற்குள் கூட்டத்தின் பின்னாலிருந்து பூமயில் முன்னால் வந்தது. கையில் அரிவாள், தோளில் நாலு சாக்கு.

"சித்தப்பா, எனக்கு மெசேஜு வரலையே. நீங்க வாயால சொன்னீகளேன்னுதேன் வந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். தேதி சரிபார்க்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "கரண்டு போகல. பிளக்கப் பிடுங்கினது நாந்தேன்" என்று சொல்லி, அரைப்புள்ளியிலிருந்து தூங்கியதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியலில் பூமயிலை ஏற்ற மறந்ததையும் சொன்னேன். சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த பங்காளிகள்கூட பிடித்தபடியே என்னைப் பார்த்தார்கள். கஞ்சி கொண்டுவந்தவர் மட்டும், "அப்ப ஆறு மணி இல்லையா?" என்றார்.

அப்புறம் வசவு தொடங்கியது. அதை இங்கே எழுத வேண்டியதில்லை, உங்கள் மேலதிகாரி படிப்பார். அந்தச் சத்தத்துக்கு நடுவே பூமயில் மெஷின் பக்கம் போய் வசந்தகுமாரிடம் என்னவோ கேட்டது, அவர் பதில் சொன்னார், அது திரும்பி நின்று, "ஒரு வார்த்த கேளுங்க" என்றது. இரண்டாவது தடவை கொஞ்சம் உரக்க.

"நேத்து இந்த வண்டி எத்தன வயலு அறுத்துச்சு? மூணு. மூணும் ஊருக்கு மூணு மூலையில. நீங்களே கேளுங்க அவுககிட்ட."

"அறுத்ததவிட நடந்ததுதாங்க ஜாஸ்தி" என்றார் வசந்தகுமார். "காலைல கெழக்க, மத்தியானம் மேக்க, திரும்பக் கெழக்கங்க. டீசல் பூரா ரோட்டுலயே போகுதுங்க."

"பட்டியலுல பேரு வரிசையாத்தேன் இருக்கு. வயலு அப்பிடியா கெடக்கு?" என்றது பூமயில். "நான் உங்க அம்புட்டுப் பேரு வயல்லயும் களை எடுத்தவ. யாரு வரப்புக்கு அடுத்தது யாரு வரப்புன்னு எனக்குத் தெரியும். பெரிய மடையில எறக்கி, வாய்க்கா ஓரமாவே வண்டிய விட்டா ரோட்டுக்கே ஏற வேண்டாம். ஆளுக டிராக்டரோட வந்துதேன் நிக்கிறீக. வண்டி வர வர அவுகவுக அள்ளிட்டுப் போங்க. மொத வயலு ஆனைமுத்து அண்ணனுது, ரெண்டாவது சுப்புத்தாயி அக்காவுது, மூணாவது என்னுது, நாலாவது இந்தா நிக்கிறாகளே மருதுபாண்டி மாமாவுது..." என்று விரலை மடக்கிக்கொண்டே போனது. நோட்டு இல்லை, திரை இல்லை. முப்பது வயலைத் தாண்டியும் நிற்கவில்லை. நடுவில் ஒரே ஒருவர், அவருக்கு முன்னால் இன்னொரு சின்னத் துண்டு இருக்கிறது என்று திருத்தினார். "அது போன வருசமே அவுக மச்சினனுக்கு மாறிருச்சுல்ல" என்றது. அவர் ஒத்துக்கொண்டார். தன் நெல் தண்ணீரில் கிடக்கும்போதும் தன் வயலை முதலில் வைக்கவில்லை. வண்டி போகிற வழியில் எது வருகிறதோ அதைத்தான் சொன்னது.

மருதுபாண்டி கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். "நாலாவதா வச்சாலும் இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள எனக்கு வந்துருமா?"

"வந்துருங்க" என்றார் வசந்தகுமார்.

"அப்ப எறக்குய்யா வண்டிய. வாய் பாத்துக்கிட்டு நின்னா மழை வந்து அறுத்துட்டுப் போயிரும்." போகிற போக்கில் திரும்பி, "ஏத்தா, இந்தப் பால்சாமி வயலு எத்தனாவது?" என்று கேட்டார்.

"அது கடைமடை மாமா. கடைசி."

அன்றைக்கு அந்த ஊரே ஒன்றாகச் சிரித்தது அப்போதுதான்.

மூன்று நாள் அந்த மெஷின் வாய்க்காலை விட்டு ஏறவில்லை. பதினொரு டிராக்டரும் பின்னாலேயே போயின. பட்டியல்படி போயிருந்தால் ஒரு நாளைக்கு மூன்று வயல், நாலு வயல். இப்போது ராத்திரியும் விளக்குப் போட்டு ஓட்டியதில் ஒரு நாளைக்கு இருபதுக்கு மேல். பூமயிலின் நெல் முதல் நாள் எட்டரை மணிக்கே சாக்குக்குப் போய்விட்டது. அடியில் கொஞ்சம் முளைவிட்டிருந்தது, பெரும்பாலும் தப்பியது. அது தன் நெல்லைக் கட்டி வீட்டில் போட்டுவிட்டுத் திரும்பி வந்து, மூன்று நாளும் வண்டிக்கு முன்னால் வரப்பில் நடந்து வழி காட்டியது. திங்கட்கிழமை மத்தியானம் கிழக்கே கடல் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்து மழை பிடித்தது, இரண்டு நாள் விடவில்லை. அப்போது அந்த வாய்க்கால் நெடுக அறுக்காமல் நின்றது ஒன்பது வயல்தான். ஒன்பதில் கடைசி என்னுடையது. உங்கள் அத்தை குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று பார்த்தாள். "ஊரு நெல்லு பூராம் சாக்குல இருக்கு. செயலாளர் வீட்டு நெல்லு மட்டும் வயல்லயே மொளைக்குது" என்றாள். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அது. மழை விட்டபின் பாதியை அரிவாளால் அறுத்து ரோட்டில் காயப்போட்டு மீட்டோம். மீதி மாட்டுக்கு ஆயிற்று. இதில் எனக்கு யார் மேலும் வருத்தமில்லை, நியாயமாகத்தான் நடந்திருக்கிறது.

இனி உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது. பழுது அறிக்கையில் கடைசியில் பரிந்துரை என்று ஒரு பகுதி உண்டு. நீங்கள் பெரிய படிப்புப் படித்தவர், நான் சொல்வது அதிகப்பிரசங்கம் என்று நினைக்கக் கூடாது. கம்ப்யூட்டர் தன் வேலையைப் பாதியில் விட்டால் பழைய நிலைக்குத் திரும்புகிறது, சரி. ஆனால் வேலை முடிவதற்கு முன்னாலேயே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறதே, அது எந்த ஊர் நியாயம்? முகூர்த்தம் முடிவாகும் முன் பத்திரிகை கொடுத்துவிட்டு, கல்யாணம் நின்றதும் எனக்கு எதுவும் தெரியாது என்று உட்கார்ந்துகொள்வது போல இருக்கிறது. எல்லாம் முடிந்து, இனி திரும்பாது என்று உறுதியான பிறகு செய்தி போகிற மாதிரி மாற்றித் தர வேண்டும். ஒருவருக்கு மேல் தேதி மாறுவதாக இருந்தால், இத்தனை பேருக்கு மாறப்போகிறது, சம்மதமா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நிறுத்துவதற்குத் தனியாக ஒரு பொத்தான் வேண்டும், வயதானவர்கள் ஒரு விரலால் அழுத்துகிற மாதிரி.

இன்னொன்றும் உண்டு. அறுத்து முடிந்த வயல்களைப் புதன்கிழமை ஏற்றிக்கொண்டிருந்தேன். மருதுபாண்டியின் வயலை ஏற்றி என்டரைத் தட்டியதும் திரை அப்படியே நின்றுவிட்டது. ஏறியதா ஏறவில்லையா தெரியவில்லை. முன்பு வெளியூருக்குப் போடுகிற டிரங்க் கால் பாதியில் அறுந்தால் இந்தச் சங்கடம்தான் வரும். ஆள் இறந்ததைச் சொல்லிவிட்டோமா, சொல்வதற்குள் அறுந்துவிட்டதா என்று தெரியாமல், மறுபடி கூப்பிட்டுச் சொன்னால் அங்கே இரண்டு பேர் இறந்துவிட்டதாக அழுவார்கள். நான் மூடிவிட்டு மறுபடி ஏற்றினேன். இப்போது மருதுபாண்டியின் வயலை ஒரே நாளில் இரண்டு முறை அறுத்ததாக இருக்கிறது. அவர் அதைப் பார்த்துவிட்டு, ரெண்டாவது அறுப்பு நெல்லு எங்கே என்று கேட்கிறார். முன்பே ஏறியிருந்தால் இரண்டாவது தடவை ஏற்றுக்கொள்ளாத மாதிரி அதற்கும் ஒரு வழி செய்து தர வேண்டும். இத்தனையும் அடுத்த போகத்துக்குள் முடித்துத் தந்தால் நான் தொடர்ந்து செயலாளராக இருந்து நல்லபடியாக நடத்திக்கொள்வேன்.

ஜெயசுதாவிடம் அத்தையின் கோபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம், அவள் உடனே போன் செய்து கேட்பாள், இன்னும் ஆறு நாள் கூடும். கருவாடு அரைக் கூடை தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் வீட்டில் விளக்கு அணையாமலும், உங்கள் வேலையில் வேண்டாத பேச்சு வராமலும், தலைவலி கால்வலி அண்டாமலும் இருக்க இருவரையும் ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமா,
சு. பால்சாமி,
கௌரவச் செயலாளர்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து, ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தபோது கமிட்டியிலிருந்து ஆள் வந்து கூட்டிப் போனார்கள். பொதுக்குழு கூடியிருந்தது. இந்தக் கூட்டத்துக்கு மட்டும் யாரோ வாயால் சொல்லியே எல்லாரும் வந்திருந்தார்கள். பூமயிலைச் செயலாளராக ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். முன்மொழிந்தது மருதுபாண்டி. வழிமொழிய என்னைக் கேட்டார்கள், வழிமொழிந்தேன். ஆகவே கையெழுத்துக்குக் கீழே உள்ள பதவியை நீங்கள் அடித்துவிட்டுப் படிக்கவும். சங்கச் சார்பில் போகிற கடிதம் என்பதால் புதிய செயலாளரிடம் வாசித்துக் காட்டினேன். அது கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டது. "இத்தனை பக்கமா எழுதுவாக? மெஷின்ல ஒண்ணும் மாத்த வேண்டாம், ஆள மாத்தியாச்சுன்னு ஒரு வரி எழுதுனாப் போதாதா சித்தப்பா" என்றது. செயலாளர் உத்தரவுப்படி அந்த வரியை இங்கே சேர்த்திருக்கிறேன்.